புள்ளி தெரிய வேண்டும், விரல் ஓட வேண்டும்: பெரிய திரை மடிக்கணினி தேடிய கதை

என் பழைய மடிக்கணினியின் டச்பேட் ஒரு நாள் அழுந்த மறுத்தது. தூசி அடைத்திருக்கும் என்று நினைத்து ஊதிப் பார்த்தேன். ஒரு வாரத்தில் அதன் நடுப்பகுதி லேசாக மேடு தட்டியது. பழுது பார்ப்பவர் கையில் வாங்கியதுமே, "உடனே அணைத்துவிடுங்கள் சார், பேட்டரி வீங்கியிருக்கிறது" என்றார். பெரும்பாலான மடிக்கணினிகளில் டச்பேட்டுக்கு அடியில்தான் பேட்டரி படுத்திருக்கிறது. அது வீங்கினால் முதலில் முட்டுவது அந்தப் பலகையைத்தான். உங்கள் டச்பேட் திடீரென்று இறுகினாலோ ஒரு ஓரம் தூக்கிக்கொண்டாலோ மென்பொருளைத் திட்டிக்கொண்டிருக்காமல் பேட்டரியைப் பாருங்கள். வீங்கிய லித்தியம் பேட்டரியோடு விளையாடக் கூடாது.

அந்தக் கணினிக்கு எட்டு வயது. பேட்டரியை மாற்றி இன்னும் இரண்டு வருடம் ஓட்டியிருக்கலாம். ஆனால் அதன் 15.6 அங்குலத் திரையோடு எனக்கு நெடுநாளாகவே மனக்கசப்பு. நான் புத்தகப் பக்கங்களை வடிவமைப்பவன். காலையிலிருந்து இரவு வரை தமிழ் எழுத்துகளோடுதான் குடித்தனம். பாதி நாள் வீட்டு மேசையில், மீதி நாள் ஏதாவது பதிப்பகத்தில், மாதம் ஒருமுறை சிவகாசியில் ஓர் அச்சகத்தின் மை வாடைக்கு நடுவே முக்காலியில், போகும் வழியில் பொதிகை எக்ஸ்பிரஸின் பக்கவாட்டு இருக்கையில். மவுஸ் வைக்க இடம் கிடைக்காத பிழைப்பு. ஆகவே என்ன வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமில்லை. திரை பெரிதாக இருக்க வேண்டும், நல்ல திரையாகவும் இருக்க வேண்டும், டச்பேட் விரலுக்கு இணங்க வேண்டும். செயலியின் வேகமெல்லாம் அதற்குப் பிறகு. லட்ச ரூபாய்க்கு விற்கும் எந்த மடிக்கணினியின் செயலியும் என் வேலைக்குப் போதும்.

திரையை அங்குலத்தில் சொல்கிறார்களே, அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது மூலைக்கு மூலை அளந்த கணக்கு. நீள அகல விகிதம் மாறினால் அதே அங்குலம் வேறு பரப்பைத் தரும். 16:9 விகிதத்தில் 15.6 அங்குலத் திரையின் அகலம் 34.5 செ.மீ., உயரம் 19.4 செ.மீ. 16:10 விகிதத்தில் 16 அங்குலத் திரைக்கும் அகலம் அதே 34.5 செ.மீ.தான்; உயரம் மட்டும் 21.5 செ.மீ. ஆகிவிடுகிறது. பெயரில் கூடியது அரை அங்குலத்துக்கும் குறைவு. கண்ணுக்குக் கிடைப்பதோ இரண்டு செ.மீ. கூடுதல் உயரம். பையும் மாற்ற வேண்டாம்.

இந்த இரண்டு செ.மீ. எனக்கு ஏன் பெரிது என்றால், தமிழ்ப் புத்தகங்களில் மிகப் பரவலான டெம்மி அளவுப் பக்கம் ஏறத்தாழ 14 செ.மீ. அகலமும் 21.5 செ.மீ. உயரமும் கொண்டது. பழைய 15.6 திரையில் ஒரு பக்கத்தை நிஜ அளவில் வைத்தால் தலையோ காலோ வெட்டுப்படும். எட்டு வருடமாகப் பக்க எண்ணைப் பார்க்கக் கீழே தள்ளி, தலைப்பைப் பார்க்க மேலே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன். 16 அங்குல 16:10 திரையில் முழுப் பக்கமும் கிட்டத்தட்ட அப்படியே உட்காரும். 17 அங்குலத்தில் உயரம் 22.9 செ.மீ., அகலம் 36.6 செ.மீ. பக்கத்தைச் சுற்றிக் கொஞ்சம் மூச்சு விடவும் இடம் இருக்கும். உங்கள் வேலை எக்செல் கணக்காகவோ நிரல் எழுதுவதாகவோ இருந்தாலும் இதே கதைதான். உயரம் கூடினால் வரிகள் கூடும். 16:9 திரை படம் பார்க்கப் பிறந்தது. வேலைக்கு வாங்குகிறீர்கள் என்றால் அந்த வரிசையை அப்படியே கடந்து போய்விடலாம்.

அடுத்தது கூர்மை. இதை ஆங்கிலம் படிப்பவரைவிடத் தமிழ் படிப்பவர் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். 1920 × 1080 பிக்சல் கொண்ட 15.6 அங்குலத் திரையில் அங்குலத்துக்கு 141 பிக்சல். 10 பாயின்ட் அளவு எழுத்தை நிஜ அளவில் காட்டினால் ஓர் எழுத்துக்கு மொத்தம் இருபது பிக்சல் உயரம்தான் வாய்க்கும். அதில் அந்தப் புள்ளியின் பங்கு ஏறக்குறைய இரண்டு பிக்சல். இரண்டு பிக்சலில் வட்டம் வரைய முடியாது. சாம்பல் நிறத்தில் ஒரு அழுக்குத்தான் தெரியும். அதைவிடக் கொடுமை ரகரமும் துணைக்காலும். பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் வேறுபாடு அடியில் சாயும் அந்தச் சின்ன வால் மட்டுமே. தட்டச்சில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று விழுந்துவிட்டால் மங்கிய திரையில் கண்டுபிடிக்கவே முடியாது. அச்சாகி வந்த பிறகு வாசகர் கண்டுபிடிப்பார்.

அங்குலத்துக்கு 180 பிக்சலைத் தாண்டினால் இந்தத் தொல்லை பெருமளவு தீர்ந்துவிடும். 16 அங்குலத்தில் 2560 × 1600 என்றால் 189, 2880 × 1800 என்றால் 212. அதற்கும் மேலே 3840 × 2400 போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கை எட்டும் தூரத்தில் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. பேட்டரிதான் சீக்கிரம் கரையும். கவனிக்க வேண்டிய இன்னொன்று, பட்ஜெட் மாடல்களின் விவரத்தாளில் கடைசி வரியில் பதுங்கியிருக்கும் '45% என்டிஎஸ்சி' என்ற சொல். என்டிஎஸ்சி என்பது அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக 1953-ல் வகுத்த நிற அளவுகோல். அதில் 45 சதவீதம் என்றால் இணையத்தில் எங்கும் புழங்கும் எஸ்ஆர்ஜிபி நிறங்களில் மூன்றில் இரண்டு பங்குகூடத் தேறாது. குங்குமச் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும். அட்டைப்படம் செய்கிறவன் அதை நம்பி அச்சுக்கு அனுப்பினால் பிறகு அச்சகத்தோடு சண்டைதான்.

இவ்வளவையும் மனதில் வைத்து ஒரு பென் டிரைவில் மூன்று பக்க பிடிஎஃப் ஒன்றைத் தயார் செய்துகொண்டேன். முதல் பக்கம் 10 பாயின்ட் தமிழ் உரை. அதில் வேண்டுமென்றே நான்கு இடங்களில் ரகரத்தைத் துணைக்காலாக மாற்றியிருந்தேன். இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே சாம்பல் நிறம். மூன்றாம் பக்கத்தில் ஒரு முகத்தின் நிழற்படம், பக்கத்திலேயே அரக்குப் பட்டுப் புடவையின் கரை. இந்த மூன்று பக்கமும் எந்த விளம்பரத்தைவிடவும் அதிகம் பேசும். சாம்பல் பக்கத்தைத் திறந்தவுடன் மலிவான திரைகளின் ஓரங்களில் வெளிச்சம் கசிவது தெரிந்துவிடும்.

முதலில் சென்னையின் மின்னணுக் கடைத்தெருவான ரிச்சி தெரு. விலை விசாரிக்க அதைப் போல் வேறு இடமில்லை. டச்பேட்டைத் தடவிப் பார்க்க மட்டும் அது தோதான இடமல்ல. பெட்டியைப் பிரித்தால் வாங்கியாக வேண்டும். பிறகு பெரிய ஷோரூம்கள். அங்கே எல்லாத் திரையிலும் கிளியும் வண்ண மையும் தண்ணீருக்குள் விரியும் காணொளியும் ஓடிக்கொண்டிருக்கும், ஒளிர்வு உச்சத்தில். "ஓலெட் பாருங்கள் சார், கருப்பு எப்படி இருக்கிறது பாருங்கள்" என்று விற்பனைத் தம்பி ஆசையாகக் காட்டினார். உண்மையிலேயே அந்தக் கருப்பு அமாவாசைதான். "தம்பி, காணொளியை நிறுத்திவிட்டு வெளிச்சத்தைப் பாதியாகக் குறையுங்கள், என் பக்கத்தைத் திறங்கள்" என்றேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது.

ஓலெட்டைப் பற்றி என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓலெட்டில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும். கருப்பு வேண்டிய இடத்தில் அணைந்துவிடும். அதன் அழகு முழுவதும் இருட்டில்தான். என் வேலையோ வெள்ளைத் தாள். நாள் முழுக்க வெள்ளைப் பக்கத்தைக் காட்டும்போது எல்லாப் பிக்சலும் எரிகிறது, பேட்டரி வேகமாக இறங்குகிறது, ஓலெட்டுக்குக் கொடுத்த கூடுதல் காசின் பலன் கண்ணில் படுவதே இல்லை. வடிவமைப்பு மென்பொருளின் கருவிப்பட்டைகள் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும். அந்தத் தடம் திரையில் பதிந்துபோகும் வாய்ப்பு ஓலெட்டுக்கு உண்டு. மூன்றாவது, ஒளிர்வைக் குறைக்கும்போது பல ஓலெட் திரைகள் வெளிச்சத்தைத் தணிப்பதற்குப் பதிலாக விட்டு விட்டு எரிகின்றன. சிலருக்கு ஒன்றும் தெரியாது. சிலருக்கு மாலையில் தலைவலி வரும். நான் இரண்டாம் கட்சி. கைபேசிக் கேமராவை வேகமான ஷட்டரில் வைத்துத் திரையைப் பார்த்தால் கருப்புப் பட்டைகள் ஓடுகிறதா என்று கடையிலேயே தெரிந்துகொள்ளலாம். பட்டைகள் தெரிவதாலேயே உங்களுக்குத் தலைவலி வரும் என்று அர்த்தமில்லை. அரை மணி நேரம் உட்கார்ந்து படித்துப் பார்ப்பதுதான் சோதனை.

என் அக்கா மகள் திருமணக் காணொளிகளைத் தொகுப்பவள். அவளிடம் இதைச் சொன்னபோது சிரித்தாள். "மாமா, நீங்கள் வெள்ளைத் தாளைப் பார்க்கிறீர்கள். நான் இருட்டு மண்டபத்தில் விளக்கைப் பார்க்கிறேன்" என்றாள். அவள் சொன்னதும் சரிதான். நல்ல திரை எது என்பதை உங்கள் வேலை முடிவு செய்கிறது.

டச்பேட் அப்படி இல்லை. நல்ல டச்பேட் எல்லோருக்கும் நல்ல டச்பேட்தான். மோசமானது எல்லோரையும் ஒரே மாதிரிதான் படுத்தும். திரைக்குப் பிக்சல், நிட்ஸ், ஹெர்ட்ஸ் என்று ஆயிரம் எண்கள் அச்சடிக்கிறார்கள். டச்பேட்டுக்கு விவரத்தாளில் ஒரு வரி கிடைத்தால் அதிகம். எண்ணாகச் சொல்ல முடியாததால் யாரும் ஒப்பிடுவதில்லை, ஒப்பிடாததால் நிறுவனங்கள் முதலில் காசு மிச்சம் பிடிப்பதும் அங்கேதான். என் தேடலில் திரைக்காகக் கழிந்த மாடல்களைவிட டச்பேட்டுக்காகக் கழிந்தவைதான் அதிகம்.

வழக்கமான டச்பேட் கதவு மாதிரி. மேல் ஓரத்தில் கீல். கீழ் ஓரத்தில் அழுத்தினால் அடியில் உள்ள பொத்தான் 'டக்' என்கிறது. கீலுக்கு அருகில் கதவைத் தள்ளிப் பாருங்கள், என்ன பலம் வேண்டியிருக்கிறது? அதே கதைதான் இங்கும். பலகையின் மேல் மூன்றில் ஒரு பங்கு வெறும் அலங்காரம். விரல் மேலே இருக்கும்போது சொடுக்க வேண்டுமென்றால் கீழே இறங்கி வந்து அழுத்த வேண்டும். அதற்குள் சுட்டி நகர்ந்துவிடும். ஆப்பிள் 2015-ல் இந்தக் கீலையே தூக்கி எறிந்தது. அதன் ஃபோர்ஸ் டச் பலகை அசையவே அசையாது. நான்கு மூலைகளில் அழுத்தத்தை அளக்கும் உணரிகள். அழுத்தியதும் அடியில் ஒரு மின்காந்தம் அதிர்ந்து சொடுக்கிய உணர்வை விரலுக்குப் பொய்யாகத் தருகிறது. பொய் என்று நம்ப மாட்டீர்கள். கணினியை அணைத்துவிட்டு அழுத்திப் பாருங்கள், வெறும் கண்ணாடி. எந்த மூலையில் அழுத்தினாலும் ஒரே பலம் போதும் என்பதுதான் இதன் ஆதாயம்.

விண்டோஸ் பக்கமும் நிலைமை முன்போல் இல்லை. 2013-ல் விண்டோஸ் 8.1 வந்தபோது மைக்ரோசாஃப்ட் 'பிரிசிஷன் டச்பேட்' என்ற பொது நெறியைக் கொண்டுவந்தது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனத்தின் டிரைவரும், அதாவது சாதனத்தை இயக்கும் மென்பொருளும், ஒவ்வொரு ராகம் பாடியது. இன்று இரண்டு விரல் உருட்டலும் மூன்று விரல் தள்ளலும் எல்லாவற்றிலும் ஒழுங்காகவே நடக்கின்றன. குறை இருப்பது மென்பொருளில் இல்லை, கீலிலும் மேற்பரப்பிலும்தான். கண்ணாடிப் பரப்பில் விரல் வழுக்கும். பிளாஸ்டிக் பரப்பில் சென்னை மே மாதத்தில் விரல் ஒட்டும். ஷோரூமின் குளிர்சாதனத்தில் இந்த உண்மை வெளியே வராது. நான் ஒவ்வொரு கடையிலும் கையை லேசாக ஈரப்படுத்திக்கொண்டு தடவிப் பார்த்தேன். விற்பனையாளர்கள் விசித்திரமாகப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

என் மற்ற சோதனை இது: பக்கத்தின் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஒரே இழுப்பில், ஒரே கையால், விரலை எடுக்காமல் தேர்வு செய்ய வேண்டும். பாதி மடிக்கணினிகளில் பலகை முடிந்துவிடும், அல்லது அழுத்தம் தளர்ந்து தேர்வு அறுந்துவிடும். பிறகு, தட்டச்சு செய்யும் நிலையில் உள்ளங்கையை அதன் மேல் வைத்துக்கொண்டு நாலு வரி அடித்துப் பார்ப்பேன். சுட்டி குதித்தால் அந்தக் கணினிக்கு வணக்கம்.

எண்பலகையையும் இங்கேயே பேசிவிட வேண்டும். பெரிய மடிக்கணினிகளில் பலவற்றின் வலப்பக்கம் எண்களுக்கென்று தனி வரிசை இருக்கும். டாலியில் கணக்கு எழுதுபவருக்கு அது வரம். மற்றவர்களுக்கு? விசைப்பலகை முழுவதும் இடப்பக்கம் மூன்று நான்கு செ.மீ. நகர்ந்துவிடுகிறது, டச்பேட்டும் பெரும்பாலும் கூடவே போகிறது. கண் திரையின் நடுவில், கை இடது ஓரத்தில். ஒரு மணி நேரம் தெரியாது. எட்டு வருடம் உட்கார்ந்த என் இடுப்புக்குத் தெரியும்.

இனி ஒவ்வொன்றாக.

எல்ஜி கிராம் 17-ஐக் கையில் தூக்கியபோது உள்ளே ஒன்றுமில்லாத பொம்மை மாடல் என்றே நினைத்தேன். 17 அங்குலத் திரை, 2560 × 1600, எடை 1.35 கிலோ. டெம்மிப் பக்கத்தை நிஜ அளவில், சுற்றிலும் வெட்டுக்குறிகளோடு காட்ட வல்லது நான் பார்த்தவற்றில் இது ஒன்றுதான். அண்மை மாடல்களின் திரை பளபளப்பில்லாதது என்பதால் மின்விசிறி இறக்கைகள் பக்கத்தின் மேல் சுற்றுவதில்லை. சன்னலுக்கு முதுகு காட்டியும் உட்காரலாம். அங்குலத்துக்கு 178 பிக்சல், துணைக்காலும் ரகரமும் தெளிவாகப் பிரிந்து நின்றன. ஆனால் டச்பேட் கீல் வகை, எண்பலகையும் உண்டு. எனக்கு இங்கேதான் மனம் ஊசலாடியது. எனக்குத் தெரிந்த மெய்ப்புத் திருத்துநர் ஒருவர், நான் அக்கா என்று அழைப்பவர், எங்கே போனாலும் பையில் மவுஸோடுதான் போவார். அவருக்கு இதையே பரிந்துரைத்தேன். மவுஸ்காரர்கள் இந்தக் கட்டுரையின் பாதியை மறந்துவிட்டுக் கிராம் 17-ஐ முதலில் போய்ப் பார்க்கலாம்.

சாம்சங் கேலக்ஸி புக் வரிசையின் 16 அங்குல ப்ரோ மாடல்கள், 2023-ல் வந்த மூன்றாம் தலைமுறையிலிருந்து, ஏறத்தாழ 1.56 கிலோ எடையில் 2880 × 1800 ஓலெட் திரையைத் தருகின்றன, 120 ஹெர்ட்ஸில், அதாவது படம் நொடிக்கு 120 முறை புதுப்பிக்கப்படும் வேகத்தில். விண்டோஸ் உலகில் நான் கண்ட மிகப் பெரிய டச்பேட்டுகளில் ஒன்று இதில் இருக்கிறது. கீல் வகைதான், ஆனாலும் பரப்பு பெரிதாக இருப்பதால் என் ஒரே இழுப்புச் சோதனை நடந்தது. அசுஸின் விவோபுக், ஜென்புக் வரிசைகளிலும் 16 அங்குல ஓலெட் கிடைக்கிறது, பெரும்பாலும் இதைவிடக் குறைந்த விலைக்கு. படங்கள், காணொளிகள் பார்ப்பதும் நடுநடுவே வேலையும் என்றிருப்பவர்கள் இவற்றில் ஒன்றை எடுத்தால் ஏமாற மாட்டார்கள். நான் மேலே சொன்ன வெள்ளைத் தாள் காரணத்துக்காக விலகினேன்.

டெல் எக்ஸ்பிஎஸ் 16-ஐ நான் மிகவும் எதிர்பார்த்தேன். 2024 ஜனவரியில் அறிமுகமான அந்த மாடலின் டச்பேட் ஆப்பிளைப் போலவே அசையாத அதிர்வு வகை. ஆனால் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதற்கு ஒரு கோடுகூட இல்லாமல் உள்ளங்கை வைக்கும் இடம் முழுவதையும் ஒரே கண்ணாடியாக்கிவிட்டார்கள். படத்தில் பார்க்க அழகு. விளிம்பு தெரியாத பலகையில் விரல் திண்ணையின் ஓரம் தெரியாத இருட்டில் நடப்பதுபோல் நடக்கிறது. மேல் வரிசைச் செயல்விசைகளையும் தொடு விளக்குகளாக மாற்றியிருந்தார்கள். 2025 ஜனவரியில் டெல் எக்ஸ்பிஎஸ் என்ற பெயரையே கைவிட்டது. அடுத்த ஆண்டே, நிஜ விசைகளோடு, அதே பெயரை மீண்டும் கொண்டுவந்தது. 2024 மாடல் எங்காவது தள்ளுபடியில் கிடைத்தாலும் விசைப்பலகையில் பத்து நிமிடம் செலவழிக்காமல் காசை நீட்டாதீர்கள்.

மைக்ரோசாஃப்டின் ஏழாம் தலைமுறை சர்ஃபேஸ் லேப்டாப், 2024-ல் வந்த 15 அங்குல மாடல், என் காதில் கிசுகிசுத்துக்கொண்டே இருந்தது. 3:2 விகிதத் திரை, அதிர்வு வகை டச்பேட், எண்பலகை கிடையாது, 1.66 கிலோ. விண்டோஸில் டச்பேட்டுக்காக மட்டுமே வாங்கலாம் என்று சொல்லக்கூடியது. தடை அதன் ஸ்னாப்டிராகன் செயலி. பழைய விண்டோஸ் நிரல்களை அது மொழிபெயர்த்து ஓட்டிவிடும். பழைய டிரைவர்களை ஓட்டாது. டாங்கிள் என்ற சின்னப் பூட்டுச் சாதனத்தைக் கணினியில் செருகினால்தான் திறக்கும் தமிழ் எழுத்துரு மென்பொருள்கள் எங்கள் தொழிலில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவற்றை நம்பி இருப்பவர் இதைத் தொடாமல் இருப்பது நல்லது.

விளையாட்டு மடிக்கணினிகளையும் ஒதுக்கிவிடக் கூடாது. லெனோவோ லீஜன் போன்றவற்றில் 16 அங்குல, 2560 × 1600 திரை மிக நன்றாகவே இருக்கிறது, அந்த விலைக்கு அசத்தல் என்றே சொல்வேன். இரண்டரை கிலோவை ஒட்டிய எடை, செங்கல் அளவு சார்ஜர். மேசையை விட்டு நகராதவருக்குச் சரி. பொதிகையின் பக்கவாட்டு இருக்கைக்குச் சரிவராது. திங்க்பேட் ரசிகர்கள் விசைப்பலகையின் நடுவே சுட்டியை நகர்த்த 1992 முதல் இருக்கும் அந்தச் சிவப்புக் குமிழைப் பற்றி எனக்கு எழுதுவார்கள் என்று தெரியும். வணக்கம், எனக்குக் கை பழகவில்லை.

மீதி இரண்டு ஆப்பிள். 16 அங்குல மாக்புக் ப்ரோவின் திரை 3456 × 2234 பிக்சல், பின்னால் சிறு சிறு விளக்குகள் எரியும் மினி எல்இடி வகை, 120 ஹெர்ட்ஸ். 2021-ல் வந்த இந்த வடிவத்தில் கேமராவுக்காக மேலே ஒரு வெட்டு இருக்கிறது. அதைப் பலர் கேலி செய்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு விஷயம் தெரியும். அந்த வெட்டு இருக்கும் பட்டையில் மெனு உட்கார்ந்துகொள்கிறது, அதற்குக் கீழே சரியாக 16:10 திரை மிஞ்சுகிறது, உயரம் 21.6 செ.மீ. என் டெம்மிப் பக்கம் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அதில் பொருந்தியது. டச்பேட் ஏறத்தாழ 16 செ.மீ.க்கு 10 செ.மீ.; ஒரு சிறு குறிப்பேடு அளவு. எம்4 தலைமுறையில் கூடுதல் காசு கொடுத்தால் பளபளப்பைக் குறைத்த நானோ கண்ணாடியும் கிடைக்கும். எடை 2.14 கிலோ. 2024 இறுதியில் எம்4 ப்ரோ செயலியோடு வந்தபோது இந்திய விலை 2,49,900 ரூபாயில் தொடங்கியது. அக்கா மகள் இதைத்தான் வாங்கினாள். இருட்டு மண்டபத்தின் குத்துவிளக்கு அதில் எரிவதைப் பார்த்தேன். அவளுக்கு அது செலவல்ல, தொழில் முதலீடு.

15 அங்குல மாக்புக் ஏர் 2023 ஜூனில் முதலில் வந்தது. 2025 மார்ச்சில் எம்4 மாடல் வந்தபோது அதன் விலை 1,24,900 ரூபாயில் தொடங்கியது. ப்ரோவில் ஏறக்குறைய சரிபாதி. எடை 1.51 கிலோ. திரை 15.3 அங்குலம், 2880 × 1864, அங்குலத்துக்கு 224 பிக்சல், பரவலாகப் புழங்கும் சாதாரண ஐபிஎஸ் எல்சிடி வகை, 60 ஹெர்ட்ஸ். உயரம் மெனு போக இருபது செ.மீ.க்குச் சற்றுக் கூடுதல். ஆக, டெம்மிப் பக்கத்தை 95 சதவீதத்துக்குச் சுருக்கினால்தான் முழுதாகத் தெரியும். பளபளப்பைக் குறைக்கும் வாய்ப்பு இதில் இல்லை. காகிதத்தில் வைத்துப் பார்த்தால் திரையில் கிராமிடம் அளவிலும், ப்ரோவிடம் தரத்திலும், சாம்சங்கிடம் வேகத்திலும் தோற்கும் கணினி இது.

ஆனால் என் சாம்பல் பக்கத்தை அதில் திறந்தபோது ஓரம் எது, நடு எது என்று தெரியாத சமநிலை. புள்ளிகள் வட்டமாக நின்றன. ஒளிர்வைக் குறைத்துக் கைபேசிக் கேமராவை வைத்தேன், ஒரு பட்டையும் ஓடவில்லை. ஈர விரலால் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை இழுத்தேன், அறவில்லை. அணுகல் வசதி அமைப்புகளுக்குள் 'மூன்று விரல் இழுப்பு' என்று ஒன்றை ஒளித்துவைத்திருக்கிறார்கள். அதை இயக்கிவிட்டால் அழுத்தவே வேண்டாம், மூன்று விரலால் தடவினாலே தேர்வாகிறது. ஒரு நாளில் சில ஆயிரம் முறை செய்யும் வேலை அது. அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதன் பிறகு பார்த்ததெல்லாம் மனச்சாட்சிக்காக.

ஐந்து சதவீதச் சுருக்கத்தோடு வாழ முடியும், இரட்டிப்பு விலையையும் அறுநூறு கிராம் கூடுதல் எடையையும் தூக்கிக்கொண்டு சிவகாசிக்கு அலைய முடியாது என்பது என் கணக்கு. உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். பழைய குறிமுறை எழுத்துருக்களில் கிடக்கும் கோப்புகளைத் திறக்க வீட்டில் ஒரு பழைய விண்டோஸ் மேசைக்கணினி இருக்கிறது. அது இல்லாவிட்டால் இந்த முடிவை எடுத்திருக்க மாட்டேன். தமிழ்99 விசைப்பலகை மேக்கிலேயே இருக்கிறது, தனியாக எதுவும் நிறுவ வேண்டியதில்லை. நினைவகத்தைப் பிறகு கூட்ட முடியாது என்பதால் வாங்கும்போதே யோசித்துக்கொள்ளுங்கள். எனக்கு அடிப்படை மாடலின் 16 ஜிபி போதுமானதாக இருக்கிறது.

வாங்கி வந்த அன்று இரவு, வடிவமைத்து முடித்து இரண்டு முறை மெய்ப்புப் பார்த்த ஒரு கவிதைத் தொகுப்பைத் திறந்தேன். மூன்றாம் பக்கத்திலேயே 'பார்வை' என்ற சொல்லில் துணைக்காலுக்குப் பதில் ரகரம் நின்றுகொண்டிருந்தது. எத்தனை நாளாக அங்கே நின்றதோ. திருத்திவிட்டு, வேலை முடிந்த கோப்பைப் பதிப்பாளருக்குக் கொடுக்கப் பென் டிரைவை எடுத்தேன். கடை கடையாக என்னோடு அலைந்த அதே பென் டிரைவ். கணினியை இடமும் வலமும் திருப்பிப் பார்த்தேன். அதைச் செருக இதில் துளையே இல்லை. ஷோரூமில் அந்தத் தம்பி மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சிறிய இணைப்பானை எடுத்து மாட்டியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.